பொட்டலில் என் ஆடு போகும் வழி

மண்ணைக் காப்பாற்றுகிற சங்கத்துக்காரர்களை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர்களோடு போய் நிற்கிறேன். ஊரில் பலபேர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

எங்கள் ஊர் அரிமளம் பக்கம். ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவில் பெரிய பொட்டல் ஒன்று கிடக்கிறது. யாருக்கும் பட்டா இல்லாத மேய்ச்சல் நிலம். என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆடு அந்தப் பொட்டலில் மேய்ந்துகொண்டே போய்க் கண்மாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும். வேறு வழியே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. தார் ரோடு. அதில் டவுன் பஸ் போகும், கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றிய லாரி போகும். லாரிக்கு ஆடு ஒதுங்குமா, ஆட்டுக்கு லாரி ஒதுங்குமா?

வீட்டுக்காரர் போன பிறகு அந்த ஆடுகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன் பண்ணும்போதெல்லாம், "ஆட்ட வித்துட்டு இங்கிட்டு வந்துரு ஆத்தா" என்பான். அங்கே போனால் மருமகள் போடுகிற நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அவள் விளக்கை அணைக்கிற நேரத்துக்குப் படுக்க வேண்டும். எனக்கு ஆகாது. பொட்டலில் வழி இருந்தால் ஆடு இருக்கும். ஆடு இருந்தால் நான் என் வீட்டில் இருப்பேன். என் பிழைப்பு இவ்வளவுதான், இதற்குமேல் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

இந்தப் பொட்டலுக்குத்தான் சங்கம் வந்து சேர்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைப் பனியன். தலைவர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், தலையில் துணித் தொப்பி. அய்யனார் கோயில் வாசலில் ஊரைக் கூட்டி மைக்கைப் பிடித்தார். இந்த மண் நம் தாய் என்றார். தாயை முள் சூழ்ந்து கிடக்கிறது என்றார். முன்னால் உட்கார்ந்திருந்த என்னைக் கைகாட்டி, "பாட்டி, நீங்க சொல்லுங்க, அந்தக் காலத்துல இந்தப் பொட்டல் எப்படி இருந்துச்சு?" என்றார்.

"யாருக்குப் பாட்டி? ஒங்களுக்கும் எனக்கும் நாலஞ்சு வயசு வித்தியாசம் இருந்தாப் பெருசு" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவர் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாவிலும் ஒரு கசப்பு இருக்கும்.

முள் என்று அவர் சொன்னது சீமைக்கருவையை. அது உண்மைதான். பொட்டலில் பாதியைக் கருவை தின்றிருந்தது. ஜேசிபி கொண்டுவந்து வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். எங்கள் ஊர் ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் முள்ளை இழுத்துக் குவித்தார்கள். ஆட்டின் காலில் முள் ஏறாது என்று எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு போட்டோ எடுப்பார்கள்.

சங்கத்தில் எங்கள் ஊர்ப் பொம்பளைகளுக்குத் தலைவியாக ஒருத்தியைப் போட்டார்கள். அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்சாதி. வீடு பாகம் பிரித்ததிலிருந்து அவளும் நானும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. குத்துவதற்கு மட்டும் பேசுவோம். அவளும் ஆடு வளர்த்தவள்தான். மகன் சிங்கப்பூர் போனதும் பட்டியை இடித்து அந்த இடத்தில் பாத்ரூம் கட்டினாள். இப்போது சேலைக்கு மேல் பச்சைப் பனியனை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினாள். பார்க்க, கதிரறுத்த வயலில் நிறுத்தின பொம்மை மாதிரி இருக்கும். அதையும் நான் வெளியே சொல்லவில்லை. அவள் காது கேட்கச் சொன்னேன்.

முள்ளை எடுத்து முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பொட்டல் முழுக்க மரக்கன்று வைக்கப் போகிறார்கள், சுற்றிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போடப் போகிறார்கள், கேட்டுக்குப் பூட்டு. கூட்டத்தில் தலைவர் சொன்னதும் நான் எழுந்தேன்.

"ஆடு எப்படிக் கண்மாய்க்குப் போகும்?"

"ஆடுதாம்மா கன்னுக்கு எமன். ஒரு வாய் கடிச்சா அவ்வளவுதான்."

"அதுக்கு ரெக்க கட்டி விடச் சொல்றீங்களா?"

ஓரகத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்: "ஊரே நல்லாருக்கணும்னு பாக்குது. சிலபேருக்கு ஆட்டுக்குண்டிக்குப் பின்னாடியே காலம் போகுது."

"சிலபேரு பொழப்பு பாத்ரூமுல போகுது" என்றேன் நானும், மேலே பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் அடுத்த வாரமே தலைவர் என் வீட்டுக்கு வந்தார். சங்கத்துக்காரர்கள் மூட்டை உரம் போட மாட்டார்களாம், இயற்கை எருதான் வேண்டுமாம். ஊரில் இப்போது ஆட்டுப்பட்டி வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான். பட்டிக்குப் பின்னால் புழுக்கை மலையாகக் குவிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்த பார்வை, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவன் இலையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"எரு தாரேன். காசு வேணாம். வழி குடுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். "ஒரு ஓரமாப் பாதை விட்டுருவோம்மா."

"இத ஊருல வச்சுச் சொல்லணும்."

சொன்னார். ஊருக்குப் பெரியதனம் பார்க்கிற அம்பலம் பக்கத்தில் இருக்கச் சொன்னார். அம்பலம் எனக்குக் கொழுந்தன் முறை. அவரும் தலையை ஆட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முதல்தடவையாகச் சங்கத்து வேலைக்குப் போனேன். பனியன் கொடுத்தார்கள், வாங்கவில்லை. என் எருவை நான் கூடையில் அள்ளிக் கொடுக்க, ஊர் வரிசையாக நின்று கைமாற்றிக் குழிக்குக் குழி கொட்டியது. அம்பலமும் தூக்கினார். ஓரகத்தியும் தூக்கினாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. ஆட்டுப்பால் குடித்து வளர்ந்த மூக்கு அது.

அடுத்து கன்று நடுகிற விழா. அதிகாரிகள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். புங்கன், நாவல், மருது, வேம்பு என்று குழிக்கு ஒன்றாக நட்டார்கள். ஒரே கன்றை ஐந்தாறு பேர் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். அந்தக் கன்றுக்கு மூச்சு முட்டியிருக்கும். எல்லாருக்கும் துண்டு போட்டார்கள். எரு யார் வீட்டு எரு என்று ஒருத்தரும் மைக்கில் சொல்லவில்லை. தக்காளிச் சோற்றுப் பொட்டலம் மட்டும் ஒன்று என் கைக்கு வந்தது. உப்பு இல்லை. ஆட்டுக்கு வைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. நாலு நாள் விடாத மழை. வெறித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கன்று பார்க்கப் போனோம். குழிக்குக் குழி பச்சைப் பசேல் என்று இருந்தது. தூரத்திலிருந்து பார்த்துத் தலைவர் கையைத் தட்டினார். கிட்டப் போய்க் குந்தினார். இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

நாவல் கன்றைச் சுற்றிப் பல் துலக்குகிற பிரஷ் மாதிரி நெருக்கமாக முளைத்திருந்தது. சின்னச் சின்ன இலை, தொட்டாற்சிணுங்கி மாதிரி. அடுத்த குழியில் பார்த்தால் அதே. அதற்கடுத்த குழியிலும் அதே. பொட்டல் முழுக்கக் கருவை. அத்தனை ஞாயிற்றுக்கிழமை முதுகு முறிய அவர்கள் இழுத்துக் குவித்த அதே கருவை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஆடு வளர்த்த பழக்கம் இல்லாமல் இருக்கும், அதனால் சொல்கிறேன். கோடையில் ஆட்டுக்குக் கருவை நெற்றுதான் தீனி. நெற்று செரிக்கும், உள்ளே இருக்கிற விதை செரிக்காது. முழுசாகப் புழுக்கையில் வந்துவிடும். வயிற்றுச் சூட்டில் ஊறி வந்த விதை சும்மா கிடக்கிற விதையை விட நன்றாக முளைக்கும். எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எருவை நாங்கள் கொட்டுவது கடலைக்காட்டிலும் வயலிலும். அங்கே உழவு இருக்கிறது, களையெடுப்பு இருக்கிறது. முளைத்த கருவை ரெண்டு களையில் போய்விடும். அதனால் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பொட்டலில் யார் களை எடுத்தார்கள்? கன்றுக்கு ஊற்றுகிறோம் என்று வாரா வாரம் குடம் குடமாகக் கருவைக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அதில் ஊறிக் கிடந்த விதை மழை விழுந்ததும் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. கூடை தூக்கின அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அன்றைக்கு அது மனதில் தட்டவில்லை. எனக்கும் தட்டவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி திறந்துவிட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும் சார். காசு வேணாம்னு சொல்லும்போதே சந்தேகப்பட்டேன். அவ ஆட்டுக்கு நெத்து வேணும். நீங்க கருவைய அழிச்சிட்டீங்க. அதான் ஒங்க கையாலயே திரும்ப வெதைக்க வச்சுட்டா."

"ஏண்டி, வாயா அது?"

"நீங்க சும்மா இருங்க அக்கா. காரியத்த முடிச்சிட்டீங்கல்ல."

தலைவர் எழுந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். திருடியைப் பார்க்கிற பார்வை. "நம்பி வந்தேம்மா ஒங்க வீட்டுக்கு. இனிமே பாதை கீதைன்னு எங்கிட்டப் பேசாதீங்க" என்றார். வேனில் ஏறிப் போய்விட்டார். டீயைக்கூட யாரும் குடிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஊர் என்னைத்தான் பேசியது. குழாயடியில் நான் குடம் வைத்தால் பேச்சு நிற்கும். டீக்கடையில் ஒருத்தன், "அப்பத்தா, எங்க வீட்டுக்கும் ரெண்டு கூடை எரு வேணும், மாமனார் நெலத்துல போடணும்" என்று கேலி பண்ணினான். "ஒன் மாமனாரு நெலத்துல அதுக்கு மொதல்ல ஒன்ன நடணும்டா" என்றுவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பட்டியில் நின்று ஆடுகளை ஒன்று ஒன்றாக எண்ணினேன். கல்லுக்கால் லாரியில் வந்து இறங்கிவிட்டது. கம்பிச் சுருளும் வந்துவிட்டது. மகனுக்கு யார் போன் பண்ணினார்களோ, அவன் "இந்த அவமானத்துக்கு மேல என்னத்துக்கு ஆத்தா ஆடு?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

அம்பலம் ஊரைக் கூட்டினார். அய்யனார் கோயில் வாசலில், சங்கத் தலைவரையும் வரச் சொல்லி. நான் போய் ஓரமாக நிற்கவில்லை, நடுவில் போய் நின்றேன்.

"நீங்க வேணும்னு பண்ணினீங்களா மதினி?" என்று கேட்டார் அம்பலம்.

"இல்ல."

"இல்லன்னா எப்படி நம்புறது?" என்றாள் ஓரகத்தி. மடியிலிருந்து சூடம் எடுத்தாள். கையோடு கொண்டுவந்திருக்கிறாள். "'எருவுல கருவ வெத இருக்கிறது எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிச் சூடத்த அணைக்கட்டும். அணைச்சா நான் ஒத்துக்கிறேன்."

எங்கள் ஊரில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினால் அதற்குமேல் ஊர் பேசாது. பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்று பயம் உண்டு. தலைவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "அதெல்லாம் எதுக்குங்க" என்று இழுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. ஓரகத்தி பலிக்கல்லில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள்.

நான் கிட்டப் போனேன். "'வேணும்னு செய்யல'ன்னு சொல்லி அணைக்கிறேன். தெரியாதுன்னு சொல்லி அணைக்க மாட்டேன்."

கூட்டத்தில் ஒரே இரைச்சல். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ஓரகத்தி குதித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஆடு வளத்தவளுக்கு இது தெரியாதா? அன்னைக்கு நெனப்பு வரல. நெனப்பு வராதது வேற, தெரியாதது வேற. அய்யனாருக்கு முன்னாடி தெரியாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சரி, நீயுந்தான கூடை தூக்கின? ஒனக்குத் தெரியாதா? வந்து அணை."

"நான் ஆட்ட வித்து எம்புட்டுக் காலமாச்சு..."

"வித்தா மறந்துருமா? ஒன் கடலைக்காட்டுல கருவங்கண்டு புடுங்கி புடுங்கி ஒன் கை காச்சுப் போனதப் பாத்தவ நானு. வாடி. தெரியாதுன்னு சொல்லி அணை. நீ அணைச்சா ஒத்த ஆடு மிச்சமில்லாம நாளைக்கே வித்துடறேன்."

அவள் வரவில்லை. சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொழுந்தனாரே, நீங்க அணைக்கிறீங்களா? நீங்களுந்தான் தூக்குனீங்க."

அம்பலம் தொண்டையைச் செருமினார். துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். கூடை தூக்கின ஆம்பளை, பொம்பளை எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தர் காலும் நகரவில்லை. கடைசியில் தலைவர்தான், "எனக்கு நெசமாவே தெரியாதுங்க, நான் வேணா அணைக்கிறேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார்.

அம்பலம் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க அசலூரு சார். ஒங்களுக்கு இதுல சேர்த்தி இல்ல."

மனிதர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். சூடம் எரிந்து, சுருங்கி, தானாகவே அணைந்தது. கல்லில் கறுப்புதான் மிச்சம்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் அம்பலம், யார் முகத்தையும் பார்க்காமல். "கருவைய எல்லாருமாச் சேந்து புடுங்கிருவோம். பாதை பேசினபடி இருக்கட்டும்."

"ஓரமா மூணடி விடலாம்" என்றார் தலைவர். அவருக்கு என் மேல் இருந்த கோபம் தீரவில்லை, இப்போது ஊர் மேலும் சேர்ந்துகொண்டது.

"மூணடியில ரெண்டு ஆடு ஒரசிப் போனா கம்பி வயித்தக் கிழிச்சிரும். செனையாடு போற வழி சார் அது."

"பாக்கலாம்மா."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் போக ஆரம்பித்தேன். ஈரம் காய்வதற்குள் கருவையைப் பிடுங்க வேண்டும், காய்ந்தால் ஆணிவேர் பிடித்துக்கொண்டு வராது. ஊரே குந்திக் குந்திப் பிடுங்கியது. ஓரகத்தி எனக்கு அடுத்த குழியில்தான் இருப்பாள். எனக்கென்ன, இருக்கட்டும்.

"சிலபேரு வேர விட்டுட்டுத் தலைய மட்டும் கிள்ளுறாங்க" என்பேன் காற்றைப் பார்த்து.

"சிலபேரு குழிய விட வாயத்தான் பெருசாத் தொறக்குறாங்க" என்பாள் அவள், கன்றைப் பார்த்து.

பிடுங்கின கருவையை நான் மடியில் கட்டிக்கொண்டு போய்த் தீயில் போட்டேன். ஆட்டுக்குப் போடவில்லை. போட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

கல்லு நடுகிற ஞாயிறு வந்தது. நான் விடிந்ததும் பொட்டலுக்குப் போய்விட்டேன். ரோட்டுப் பக்கமிருந்து கண்மாய்க் கரை வரைக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பழைய வரப்புக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்ததுதான் பாதையாம். நான் கையை விரித்துப் பார்த்தேன், இந்தப் பக்கம் வரப்பு இடித்தது, அந்தப் பக்கம் கோடு. கோட்டில் முதல் குழியை ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார்கள். அதன் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கப்போட்டேன்.

வேன் வந்தது. தலைவர் வந்தார். "எந்திரிங்கம்மா" என்றார். நான் வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினேன். "போலீசக் கூப்பிட வைக்காதீங்க" என்றார். "கூப்பிடுங்க, அவுகளுக்கும் வெத்தல தாரேன்" என்றேன். கடப்பாரையோடு நின்ற ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்பலத்துக்குப் போன் போட்டார்கள். அவர் அரிமளத்தில் இருக்கிறாராம், வர நேரமாகுமாம்.

ஓரகத்தி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். எல்லாருக்கும் ஊற்றினாள், என்னைத் தவிர. பிறகு தலைவரிடம் போய், என் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னாள்:

"சார், அது எந்திரிக்காது. கட்டிக்கிட்டு வந்ததுலருந்து நான் பாக்குறேன். மாமியாராலயே எழுப்ப முடியாத பொம்பள அது. நீங்க வேல முடிக்கணும்னா அங்கிட்டுத் தள்ளி நடுங்க."

தலைவர் தொப்பியைக் கழற்றினார், போட்டார், கழற்றினார். கடைசியில் கையை வீசினார். ஆட்கள் கோட்டை விட்டுக் கன்றுப் பக்கமாக உள்ளே தள்ளிப் புதுக்குழி வெட்டினார்கள். கல்லுக்காலைத் தூக்கி நிறுத்தி, சுற்றி ஜல்லி போட்டுக் கடப்பாரையால் இடித்து இறுக்குகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் நகரவில்லை. இரண்டாவது கல்லும் அதே நேரில் போனதைப் பார்த்தேன். மூன்றாவதும் போனது.

அதற்குப் பிறகுதான் எழுந்தேன். மூட்டு பிடித்துக்கொண்டது. ஒருத்தரும் கை கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த குழியைக் காலாலேயே மண் தள்ளி மூடி மிதித்தேன். செனையாடு கால் விட்டால் உடைந்துபோகும்.